மறதியைப் பொறுக்காத வண்டி

காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடந்துகொண்டிருந்த ஆனி மாதத்து நாளொன்றில்தான் அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆண்டு 2006. பிட்சாடனர் வீதியுலா வர, மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மக்கள் மாங்கனிகளை இறைக்க, கீழே நின்றவர்கள் கைகளை உயர்த்தி அவற்றைப் பிடிக்க, ஊரே அம்மையார் கோயிலைச் சுற்றித் திரண்டிருந்தது. அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் கும்பகோணத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவை நான்கு மணி நேரத்தில் கடந்து, கடைசி இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம். சட்டையெல்லாம் எண்ணெய். அம்மா வாசற்படியில் நின்று வண்டியையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ஊரே மாங்கனியப் புடிக்கப் போயிருக்கு. இவனுவ எமனப் புடிச்சிக்கிட்டு வந்திருக்கானுவ” என்றார்.

வண்டியின் பெயர் ராஜ்தூத். அரசனின் தூதன் என்று பொருள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. இருந்தும் அது யாருடைய தூதன் என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை.

ராஜ்தூத் 350 என்பது முழுப்பெயர். வழக்கில் ஆர்.டி. என்றால் போதும். ஜப்பானின் யமஹா 1973-ல் வெளியிட்ட ஆர்.டி. 350 வண்டியை, எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் செய்து விற்றது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஆறு கியர். ஜப்பானிய மூல வண்டியின் திறன் 39 குதிரைத்திறன். இங்கே எரிபொருள் சிக்கனம் கருதி அதை 30.5 ஆகக் குறைத்தார்கள். அதுவும் அதிகம் என்று பட்டதால் 27 ஆகக் குறைத்த இன்னொரு வகையும் சில ஆண்டுகளில் வந்தது. முன்னதை ஹை டார்க் என்றும் பின்னதை லோ டார்க் என்றும் ரசிகர்கள் பிரித்துச் சொல்வார்கள். எங்களுடையது 1986-ஆம் ஆண்டு வண்டி, லோ டார்க். விற்றவர் ஹை டார்க் என்று சத்தியம் செய்துதான் விற்றார். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்து உண்மை தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏழு மாதங்கள் ஆயின. அதற்குள் வண்டியின் மேல் பிரியம் வந்துவிட்டிருந்ததால் சண்டைக்குப் போகவில்லை.

அந்த வண்டி இந்தியாவில் ஏன் தோற்றது என்பதைப் புரிந்துகொள்ள அது வந்த காலத்தைப் பார்க்க வேண்டும். திருவொற்றியூரில் செய்யப்பட்ட என்ஃபீல்டு புல்லட்டும் மைசூரில் செய்யப்பட்ட எஸ்டியும்தான் அதற்குமுன் இங்கே பெரிய வண்டிகள். வேகம் என்ற ஒன்றை நடுத்தர வர்க்கத்து இளைஞனின் கைக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது ஆர்.டி.தான் எனலாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் எண்பதுகளில் கேட்ட ஒலிகளுள் இதன் ஒலியும் ஒன்று. ஆனால் 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. பெட்ரோலை ஊற்று, மூடியை மூடு, மறந்துவிடு என்பதே அதன் விளம்பரத்தின் சாரம். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்கூடத் தராத ஒரு வண்டி, மறந்துவிடு என்று சொல்லும் வண்டியோடு எப்படிப் போட்டியிட முடியும்? எண்பதுகள் முடிகையில் ஆர்.டி.யின் உற்பத்தியும் முடிந்தது.

மறந்துவிடலாம் என்று ஒரு வண்டி வாக்குக் கொடுத்தது. எங்கள் வண்டியோ மறதியைப் பொறுக்கவே பொறுக்காதது. அதனால் நாங்கள் பெற்ற இன்பமும் பட்ட துன்பமும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

*

முதலில் இன்பத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஆர்.டி. ஓட்டுகிறவனுக்கு அது இரண்டு வண்டிகள். கீழ்ச் சுற்றுகளில் அது சோம்பேறி. சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் பெரியவரைப் போலத் தளர்ந்து நடக்கும். சுற்றுமானியின் முள் நாலாயிரத்தைத் தாண்டி ஐயாயிரத்தை நெருங்கும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். அடுத்த நொடியில் நமக்குக் கீழே வேறொரு பிராணி இருக்கும். முன்சக்கரம் எடையிழக்கும். பின்னால் உட்கார்ந்தவன் முன்னால் உட்கார்ந்தவனின் சட்டையைப் பற்றிக்கொள்வான். இரண்டு சைலன்சர்களிலிருந்தும் வரும் அந்த உலோக ஓசையை எழுத்தில் கொண்டுவர முடியாது. தொலைவில் யாரோ வெண்கலப் பாத்திரங்களை அடுக்கிக் குலுக்குவதைப் போல என்று சொல்லிப் பார்க்கலாம்.

இத்தகைய வண்டிக்குக் காரைக்கால் சற்றும் பொருந்தாத ஊர். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் விட்டுச் சென்ற இந்தத் துண்டு நிலம் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. வடக்கே பூவம் தாண்டி நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தால் அங்கும் தமிழ்நாடு. ஆறாவது கியரைப் போட்டு நிமிர்வதற்குள் எங்கள் ஆட்சிப்பகுதி முடிந்துவிடும். விடியற்காலையில் பொறையார் வழியாகத் தரங்கம்பாடி வரை சென்று, டேனிஷ்காரர்களின் கோட்டைக்கு எதிரே நிறுத்தி, எஞ்சின் ஆறும் ‘டிக் டிக்’ ஓசையைக் கேட்டபடி கடலைப் பார்த்திருந்துவிட்டுத் திரும்புவோம். போக வர முப்பது கிலோமீட்டருக்குள். பேச்சு அதிகம் இராது. அண்ணனும் தம்பியும் வயது வந்தபின் பேசிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது? எஞ்சினைப் பற்றிப் பேசலாம். நாங்கள் பேசினோம்.

பொருந்தாத ஊர் என்றாலும் ஒரு வகையில் ஊர் எங்களைக் காப்பாற்றியது. இங்கே பெட்ரோல் விலை தமிழகத்தைவிடக் குறைவு. எல்லையோரப் பங்க்குகளில் எப்போதும் வெளியூர் வண்டிகளின் வரிசை நிற்கும். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தரும் வண்டியை ஒரு கௌரவ விரிவுரையாளனும் வேலை தேடிக்கொண்டிருந்த அவன் தம்பியும் வைத்திருக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

துன்பங்களை வரிசைப்படுத்துவது எளிது.

தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியைக் காரைக்காலுக்கு மாற்ற என்.ஓ.சி. வேண்டும். ஒருமணி நேரத் தொலைவிலுள்ள ஊரிலிருந்து வந்த வண்டிக்கு அயல்நாட்டு வண்டிக்குரிய மரியாதை கிடைத்தது. ஓர் அலுவலகத்தில் எஞ்சின் எண்ணைத் தவறாக எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த ஆறுமுறை போனோம். எல்லைக்கோடுகளைப் பற்றிப் படித்திருந்தோம். ஒரு மூன்றும் எட்டும் இடம்மாறியதால் அவற்றை அனுபவித்தும் பார்த்தோம்.

அடுத்தது கடற்காற்று. உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாயிண்ட்களில் பச்சை பூத்துவிடும். இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பாயிண்ட், தனித்தனி கார்புரேட்டர். இரண்டு பாயிண்ட்களையும் தனித்தனியே நேரம் பார்த்து அமைக்க வேண்டும். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே கணத்தில் திறக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வண்டி மாட்டு வண்டியாகிவிடும். பிறகு கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் சீல்கள். ஒரு பக்கத்துச் சீல் கிழிந்தால் கியர் எண்ணெய் உள்ளே புகுந்து தெருவே வெள்ளைப் புகையில் மறையும். மறுபக்கத்துச் சீல் கிழிந்தால் புகை வராது. வெளிக்காற்று புகுந்து எஞ்சின் சத்தமில்லாமல் சூடேறிச் சாகும். கண்ணுக்குத் தெரியும் நோய் சிறியது, தெரியாத நோய் பெரியது என்பதை நாங்கள் அங்கேதான் கற்றோம்.

உதிரிப் பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. கடைக்காரர் கொண்டுவந்து வைக்கும் பொருள் எங்கள் வண்டிக்குரியதா, வேறெதற்கோ உரியதா என்று தெரியாமலேயே வாங்கிவந்து, மாட்டிப் பார்த்து, மறுபடி பேருந்தேறியிருக்கிறோம். இந்த எஞ்சினின் பிஸ்டன் விட்டம் 64 மில்லிமீட்டர். சிலிண்டர் தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். அப்படி நான்கு முறை கடையலாம். அதன்பின் சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்க வேண்டும். எங்களிடம் வரும்போதே இரண்டு முறை முடிந்திருந்தது. பழைய பொருளை வாங்குகிறவன் அதன் மீதியை மட்டுமே வாங்குகிறான். அந்த மீதி எவ்வளவு என்று யாரும் அவனிடம் சொல்வதில்லை.

இவ்வளவையும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நாகூரில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். பணம் வாங்குவதைவிடப் பாடம் சொல்வதில் அவருக்கு விருப்பம் அதிகம். வண்டியைத் தொடுமுன் எங்களை உதைத்துக் கிளப்பச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். “கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. காதால பாருங்க. இடது பக்கத்து ஆளு சோறு திங்கல, கேக்குதா?” என்பார். முதலில் ஒன்றும் கேட்காது. ஓராண்டில் கேட்கத் தொடங்கியது.

உலகில் இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் பலவிதம். ஹார்லி டேவிட்சன், டுகாட்டி போன்றவற்றில் சிலிண்டர்கள் ‘வி’ என்ற எழுத்தைப் போல விரிந்து நிற்கும். இதில் அவை பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கட்டாயம் கீழே இருக்கும். அப்படித்தான் கிராங்க் தண்டு அமைந்திருக்கிறது. இரண்டும் ஒருபோதும் ஒரே திசையில் நகர்வதில்லை. இருந்தும் ஒரே தண்டைத்தான் சுற்றுகின்றன. பாய் இதை விளக்கும்போது எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

*

2009 செப்டம்பரில் நடந்ததை இதுவரை நாங்கள் எங்கும் எழுதியதில்லை.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே எரிய வேண்டும். பழைய ஸ்கூட்டர்களில் பங்க்கிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுவார்கள். ஆர்.டி.யில் அதற்கென்று தனி டாங்கும், எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு சிறு பம்பும் உண்டு. ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க அந்தப் பம்ப் அதிக எண்ணெய் தரும். மிக அழகான ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனை: டாங்கையோ குழாயையோ கழற்றி மாட்டினால் உள்ளே காற்றுக்குமிழி புகுந்துவிடும். பம்பிலுள்ள ஒரு சின்னத் திருகைத் தளர்த்தி, குமிழி போய் வெறும் எண்ணெய் வரும்வரை விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். ‘காற்று எடுப்பது’ என்பார்கள். ஐந்து நிமிட வேலை.

அன்று காலை கொல்லையில் வண்டியைப் போட்டு எண்ணெய் டாங்கைச் சுத்தம் செய்தோம். எங்களில் மூத்தவன் டாங்கைக் கழற்றினான். இளையவன் குழாயை மாட்டினான். நடுவே அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். கை கழுவிக்கொண்டு போனோம். திரும்பி வந்து பக்கவாட்டு மூடியைப் போட்டு, துடைத்து நிறுத்தினோம். மாலையில் தரங்கம்பாடிக்குப் போனோம். போகும்போது ஒன்றும் ஆகவில்லை.

திரும்பும்போது, பொறையாரைக் கடந்து பாலத்துக்குச் சற்று முன்பு, எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் கிளட்ச் மேல் இரண்டு விரலை வைத்தே ஓட்டுவார்கள், இப்படி ஒரு கணத்துக்காக. விரல் இருந்தது. இழுக்கவும் இழுத்தது. அரை நொடி பிந்திவிட்டது.

மூத்தவனுக்கு முழங்கையில் தோல் போயிற்று. பின்னால் இருந்த இளையவனின் வலது முழங்கால் வண்டிக்கும் சாலைக்கும் நடுவே அகப்பட்டது.

அவன் காவலர் தேர்வின் உடற்தகுதித் தேர்வுக்காக நாள்தோறும் விடியலில் கடற்கரையில், கலங்கரை விளக்கத்திலிருந்து அரசலாற்று முகத்துவாரம் வரை ஓடிக்கொண்டிருந்தான். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எலும்பு தப்பிச்சிட்டு, தசைநார்தான் போச்சு” என்றார். தப்பியது பெரியதா, போனது பெரியதா என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. அவன் மறுபடி நடந்தான். ஆனால் அந்த முழங்கால் ஓர் அளவுக்கு மேல் மடங்குவதில்லை. ஓட்டம் அத்தோடு நின்றது.

மூன்று வாரம் கழித்து வண்டியை வேனில் ஏற்றி நாகூருக்குக் கொண்டுபோனோம். பாய் சிலிண்டரைக் கழற்றினார். வலப்பக்கத்துப் பிஸ்டன் பிழைத்திருந்தது. இடப்பக்கத்தது முழுவதும் கீறல். குழாயைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். திருகின் தலையில் படிந்திருந்த பழைய மண் அப்படியே இருந்தது.

“இதுல திருப்புளி படவே இல்லியே தம்பி. யாரு மாட்டுனது?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில், “நாங்கதான் பாய்” என்றோம்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கழற்றியவன் காற்று எடுக்க வேண்டுமா, மாட்டியவன் எடுக்க வேண்டுமா? அவன் எடுத்திருப்பான் என்று இவனும், இவன் எடுத்திருப்பான் என்று அவனும் நினைத்தோமா? சாப்பிடப் போகாமல் இருந்திருந்தால் யாருடைய கை அந்தத் திருகுக்குப் போயிருக்கும்? இத்தனை ஆண்டுகளில் நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. எங்களில் ஒருவனுக்கு விடை தெரியும் என்றே நினைக்கிறோம். அது எவன் என்பதும் இருவருக்கும் தெரியும் என்றே தோன்றுகிறது.

*

புறப்படும்போது பாய் ஒன்று சொன்னார். “வண்டியத் தொட்டா எழுதி வைங்க. ஒருத்தரு வாத்தியாரு வேற.”

அன்றே காரைக்காலில் ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினோம். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை என்று மூன்று பத்திகள் போட்டோம். முதல் சில பக்கங்களை மூத்தவன் எழுதினான். தமிழ் படித்தவனின் தமிழ். ‘இடப்பக்கச் சிலிண்டர் கடையப்பட்டது.’ ‘பாயிண்ட் இடைவெளி சரிசெய்யப்பட்டது.’ ‘கிளட்ச் கேபிள் மாற்றப்பட்டது.’

இளையவன் ஒருநாள் அதைப் புரட்டிவிட்டுக் கேட்டான்: “யாரால அண்ணே? அத எழுதலியே.”

வகுப்பில் ஆண்டுக்கு ஆண்டு செய்வினை, செயப்பாட்டுவினை நடத்துகிறவனுக்கு அன்றுதான் அந்த இலக்கணம் புரிந்தது. செயப்பாட்டுவினை என்பது எழுவாய் ஒளிந்துகொள்வதற்கு வசதியான இடம். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் ஏன் அதில் எழுதப்படுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அன்று நோட்டில் நான்காவது பத்தி ஒன்றைச் சேர்த்தோம்: செய்தவன். அதில் ஒருவன் பெயர் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்பது விதி. தவறு நேர்ந்தால் பிடிப்பதற்காக அல்ல. ‘அவன் செய்திருப்பான்’ என்று நினைத்துக்கொள்வதற்கு இனி இடமிருக்கக் கூடாது என்பதற்காக.

காரைக்கால் அம்மையார் இறைவனிடம் கேட்டவற்றுள் மறவாமையும் ஒன்று என்கிறது பெரியபுராணம். அவருக்கு அது வரம். அவர் ஊரில் பிறந்த எங்களுக்கு அது நாற்பது பக்க நோட்டாக வந்து வாய்த்தது.

*

2011-ல் இளையவன் மஸ்கட்டுக்குப் போனான். ஒரு நிறுவனத்தின் கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலை. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவான். வண்டி கொல்லையில், தகரக் கொட்டகையின் கீழ் நின்றது.

விற்றுவிடலாம் என்ற பேச்சு எத்தனையோ முறை வந்தது. பெண் பிறந்தபோது மூத்தவன் விற்கலாம் என்றான். இளையவன் வேண்டாம் என்றான். வீடு கட்டும்போது இளையவன் விற்கலாம் என்றான். மூத்தவனுக்கு மனம் வரவில்லை. கஜா புயல் வீசிய 2018 நவம்பரில் கொட்டகைத் தகரம் பறந்து வண்டி மேல் முருங்கை மரம் சாய்ந்தது. அப்போது மூத்தவன் சலித்துப்போய் எடைக்குப் போட்டுவிடுவதாகத் தொலைபேசியில் கத்தினான். மறுமுனையில் வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, “டாங்க் நசுங்குச்சா அண்ணே?” என்ற கேள்வி மட்டும் வந்தது. ஒருவன் மேலே இருக்கும்போது மற்றவன் கீழே. இருவரும் சேர்ந்து வாங்கியதை இருவரும் சேர்ந்தே விற்க வேண்டும் என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தார். எமன் என்று அவர் சொன்ன வண்டி இன்றுவரை விற்கப்படாமல் இருப்பதற்கு அந்தத் தீர்ப்பே காரணம். பாருங்கள், இங்கும் ஒரு செயப்பாட்டுவினை வந்துவிட்டது. நாங்கள் விற்கவில்லை.

இதற்கிடையே காலம் வண்டியின் பக்கம் திரும்பியது. எங்களிடம் வரும்போது இருபத்தெட்டாயிரம் ரூபாய். கிரிக்கெட் வீரர் டோனியின் சேகரிப்பில் ஆர்.டி. இருப்பது இன்று எல்லோருக்கும் தெரியும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைத் தேடி வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2023-ல் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், நாங்கள் கொடுத்ததைப்போல் பத்து மடங்குக்கு மேல் தருவதாகச் சொன்னார். வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து எஞ்சின் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு நோட்டைக் கேட்டார். பராமரிப்புக் குறிப்பு இருந்தால் விலை கூடுமாம். நோட்டைக் கொடுக்க முடியாது என்றோம். நோட்டு இல்லாமல் வண்டி எதற்கு என்பதுபோல் அவர் பார்த்தார். அது நியாயமான பார்வைதான்.

அதே காலம் வேறு சில தொல்லைகளையும் கொண்டுவந்தது. பழைய இருசக்கர வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ரூபாய் ஆயிற்று. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-ல் மறுபடி உயர்த்தினார்கள். மரபு வண்டி என்ற தகுதிக்கு ஐம்பது வயது நிரம்ப வேண்டும். எங்கள் வண்டிக்கு அது 2036-ல். அதுவரை அது வெறும் கிழட்டு வண்டி. பெட்ரோலில் இப்போது இருபது விழுக்காடு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். எண்பதுகளின் ரப்பர் வளையங்கள் அதில் ஊறிப் பருத்துவிடுகின்றன. ஓட்டாமல் நிறுத்தினால் கார்புரேட்டர் இரண்டையும் காலிசெய்துவிட வேண்டும். மறந்தால் அடுத்த முறை கிளம்பாது. மறக்கக் கூடாதவற்றின் பட்டியல் ஆண்டுக்காண்டு நீள்கிறது.

எங்கள் வீட்டில் இன்று நாள்தோறும் ஓடுவது ஒரு ஸ்கூட்டர். பொத்தானை அழுத்தினால் கிளம்பும். அது எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டால் ஆர்.சி.யைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

*

ஆர்.டி.க்குப் பொத்தான் கிடையாது. வலக்காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதாவது, வண்டியின் சரிபாதி உரிமையாளனான இளையவனால் 2009-க்குப் பிறகு ஒருமுறைகூட அதைக் கிளப்ப முடிந்ததில்லை. மஸ்கட்டிலிருந்து அழைக்கும்போது சில வெள்ளிக்கிழமைகளில், “ஒரு உதை உதைங்கண்ணே, கேக்கணும்” என்பான். உதைத்து, கைபேசியைச் சைலன்சர் அருகே பிடிப்போம். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “எடது பக்கம் கொஞ்சம் இழுக்குது” என்று சொல்வான். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நாகூர் பாய் 2020-ல் காலமாகிவிட்டார். அவர் காது இப்போது மஸ்கட்டில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வோம்.

2024 ஆடியில் விடுப்பில் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள் எண்ணெய் டாங்கைக் கழற்ற வேண்டியதாயிற்று, அடியில் கசிவு. 2009-க்குப் பிறகு அந்த வேலையை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது அதுவே முதல் முறை. இடைப்பட்ட காலத்தில் அதை எப்போதும் ஒருவனே முழுவதுமாகச் செய்துவிடுவது என்றொரு வழக்கம், பேசி வைக்காமலே ஏற்பட்டிருந்தது. மூத்தவன் கழற்றினான். இளையவன் காலை நீட்டி உட்கார்ந்து குழாயை மாட்டினான். உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழவில்லை.

திருப்புளியை ஒருவன் பிடித்தான். கைவிளக்கை ஒருவன் பிடித்தான். திருகு தளர்ந்தது. முதலில் ஒரு குமிழி, பிறகு நுரை, பிறகு சின்னச்சின்னக் குமிழிகளாகச் சில, பிறகு தேன்போல வெறும் எண்ணெய். போதும் என்று இருவருக்கும் தெரிந்த பின்னும் சற்று நேரம் வடியவிட்டோம். தரையில் பச்சையாக ஒரு சிறு குளம் தேங்கியது.

நோட்டை எடுத்து இளையவன்தான் எழுதினான். தேதி போட்டான். கிலோமீட்டர் போட்டான். ‘டாங்க் கழற்றி மாட்டி, பம்பில் காற்று எடுத்தது’ என்று எழுதினான். நான்காவது பத்திக்கு வந்தபோது பேனா சற்று நின்றது. ஒரு பெயர்தான் எழுத வேண்டும் என்பது விதி. அவன் ‘நாங்கள்’ என்று எழுதி மூடிவைத்தான்.

சாப்பிட்டுவிட்டு நண்டலாற்றுப் பாலம் வரை போய்வந்தோம். உதைத்தவன் மூத்தவன். ஓட்டியவன் இளையவன்.